மறையாத மக்கள்: மாயா மொழிகளும் அவற்றைப் பேசும் சமூகங்களும்

மாயா என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன காடு மூடிய கோபுரங்களும், கல்லில் செதுக்கிய நாள்காட்டிகளும், காரணம் புலப்படாமல் அழிந்துபோன ஒரு நாகரிகமும் ஆகும். பயண நூல்களும் திரைப்படங்களும் இந்தச் சித்திரத்தையே திரும்பத் திரும்பத் தீட்டி வந்துள்ளன. இதில் ஒரு பாதி மட்டுமே உண்மை. கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் திக்கால், பலேங்கே, கோப்பான் போன்ற தாழ்நில நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. அவற்றை ஆண்ட அரச மரபுகளும் முடிவுற்றன. ஆயினும் மக்கள் மறையவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் மத்திய அமெரிக்காவின் மலைநாட்டிலும் சமவெளியிலும் இன்றும் வாழ்கின்றனர். மக்காச்சோளம் விதைக்கும் வயலிலும், சந்தையிலும், வழிபாட்டிலும் தம் முன்னோர் மொழியின் இன்றைய வடிவங்களையே பேசுகின்றனர்.

இவ்வுரை அந்த மொழிகளைப் பற்றியது. அவற்றின் தொன்மையைப் போற்றுவதோடு நின்றுவிடாமல், அவற்றைப் பேசும் மக்கள் தம் மொழியிலேயே எழுதவும், கற்கவும், நீதி கேட்கவும் நடத்திவரும் நெடிய முயற்சியை விளக்குவது இதன் நோக்கம். ஒரு மொழியைப் பழம்பெருமையின் சின்னமாக மட்டும் காண்பது, அதைப் பேசுவோரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடக்கூடும். மாயா மொழிகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும்.

ஒரு குடும்பம், முப்பது மொழிகள்

மாயா என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 30 மொழிகள் இன்று வழங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை குவாத்தமாலாவிலும் அதன் அண்டையிலுள்ள தென்கிழக்கு மெக்சிகோவிலும் பேசப்படுகின்றன. பெலீஸ், ஹொண்டுராஸ் ஆகிய நாடுகளிலும் சில சமூகங்கள் உள்ளன. வாஸ்தேக் என்னும் மொழி மட்டும் தன் உறவு மொழிகளை விட்டு வெகுதொலைவு விலகி, மெக்சிகோ வளைகுடாவை நோக்கிய வடபகுதியில் வழங்குகிறது. இவை அனைத்துக்கும் தாயான மூல மாயா மொழி ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் பேசப்பட்டிருக்கலாம் என்பது டெரன்ஸ் காஃப்மன் முதலான மொழியியல் அறிஞர்களின் கருத்து.

குவாத்தமாலா அரசு 22 மாயா மொழிகளை அங்கீகரித்துள்ளது. 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு மக்களில் 41.7 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 6.2 மில்லியன் பேர், தம்மை மாயர் என்று பதிவுசெய்துள்ளனர். அவர்களுள் கிச்சே, கெக்சி, கக்சிக்கேல், மாம் ஆகிய மொழிச் சமூகத்தினர் மிகுதியானோர். மெக்சிகோவில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, யுகாத்தேக் மாயா பேசுவோர் ஏறத்தாழ 774,000 பேர் என்றும், செல்த்தால் பேசுவோர் 589,000 பேர் என்றும், சொட்சில் பேசுவோர் 550,000 பேர் என்றும் காட்டுகிறது. இவற்றுக்கு நேர்மாறாக, குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் வழங்கிய இட்சா மொழியைச் சரளமாகப் பேசும் முதியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெக்சிகோவில் வழங்கிய சிக்கோமுசெல்த்தேக் என்ற மொழி 20ஆம் நூற்றாண்டில் முற்றிலும் வழக்கொழிந்தது.

இம்மொழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. யுகாத்தேக் பேசும் ஒருவரும் கிச்சே பேசும் ஒருவரும் சந்தித்தால், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. அவ்வாறிருந்தும், ஸ்பானியம் பேசும் நகர மக்களிடையே இவற்றைக் கிளைமொழிகள் என்று குறிப்பிடும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஸ்பானியம் மட்டுமே மொழி. ஏனையவை இலக்கணமும் எழுத்தும் அற்ற நாட்டுப்புறப் பேச்சு என்பது அப்பழக்கத்தின் உட்பொருள். மொழியியல் நோக்கில் இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆயினும் அச்சொல்லைக் கேட்டு வளரும் ஒரு குழந்தை, தன் தாயின் பேச்சை வீட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லத் தயங்கும்.

மொழிக்குள் ஓர் உலகம்

இலக்கணம் அற்றவை என்று இகழப்பட்ட இம்மொழிகளின் கட்டமைப்பைச் சிறிது காண்போம். முதலில் ஒலி. மாயா மொழிகளில் சில மெய்யொலிகள் இரு வகையாக ஒலிக்கும்: ஒன்று இயல்பான ஒலி, மற்றொன்று குரல்வளையை ஒரு கணம் அடைத்து வெடிப்புடன் வெளிவிடும் ஒலி. யுகாத்தேக் மொழியில் ‘கன்’ என்று இயல்பாகச் சொன்னால் நான்கு என்று பொருள். முதலெழுத்தை அடைத்து வெடித்துச் சொன்னால் மஞ்சள் அல்லது பழுத்தது என்று பொருள். ஸ்பானியச் செவிக்கு ஒன்றாகவே கேட்கும் இவ்விரண்டும் மாயருக்கு முற்றிலும் வெவ்வேறு சொற்கள்.

அடுத்து வினை. தமிழில் ‘நான் உறங்கினேன்’ என்பதிலும் ‘நான் உன்னைப் பார்த்தேன்’ என்பதிலும் வினைமுற்றின் விகுதி ஒன்றே. செய்தவரை அது சுட்டுகிறது. மாயா மொழிகளின் போக்கு வேறு. கிச்சேயில் ‘நான் உறங்கினேன்’ என்பது ‘ஷின்வாரிக்’. ‘நீ என்னைப் பார்த்தாய்’ என்பது ‘ஷினாவிலோ’. இரண்டிலும் ‘இன்’ என்னும் ஒட்டு ‘நான்’ அல்லது ‘என்னை’ என்பதைக் குறிக்கிறது. அதாவது, உறங்கியவரையும் பார்க்கப்பட்டவரையும் இம்மொழி ஒரே குறியால் சுட்டுகிறது. பார்த்தவருக்கு வேறு குறி தருகிறது. செயப்படுபொருள் குன்றிய வினையின் எழுவாயும், குன்றா வினையின் செயப்படுபொருளும் ஓரினமாகக் கருதப்படும் இவ்வமைப்பு உலக மொழிகள் சிலவற்றில் மட்டுமே காணப்படுவது. இலக்கணம் இல்லாத பேச்சில் இத்தகைய நுட்பம் அமைய முடியாது.

எண்ணும் முறையும் தனித்தன்மை உடையது. மாயர் பத்தின் மடங்குகளாக எண்ணாமல் இருபதின் மடங்குகளாக எண்ணினர். கிச்சேயில் ‘வினாக்’ என்றால் மனிதன். ‘ஹுவினாக்’, அதாவது ‘ஒரு மனிதன்’ என்பது இருபதைக் குறிக்கும் சொல். கைவிரல்களும் கால்விரல்களும் சேர்ந்த ஒரு முழு மனித உடலே அங்கு எண்ணின் அளவாக நிற்கிறது.

திசையைச் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. சியாப்பாஸ் மாநிலத்து மலைச்சரிவில் அமைந்த தெனெஹாப்பா என்னும் ஊரில் செல்த்தால் பேசுவோர், பொருள்களின் இருப்பிடத்தை வலப்பக்கம், இடப்பக்கம் என்று கூறுவதில்லை. மலையேறும் பக்கம், மலையிறங்கும் பக்கம் என்று கூறுகின்றனர். மேசைமேல் உள்ள இரண்டு கோப்பைகளில் ஒன்றைச் சுட்டுவதற்கும் அவர்களுக்கு இதுவே வழி. தாம் வாழும் நிலத்தின் சாய்வை அவர்கள் வீட்டுக்குள்ளும் மறப்பதில்லை. இம்மொழி மறைந்தால், மனித மனம் இடத்தை அறியும் வழிகளுள் ஒன்று நம் அறிவிலிருந்து மறையும்.

எரிந்த ஏடுகளும் பேசிய கற்களும்

அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே, பேச்சை முழுமையாகப் பதிவுசெய்யவல்ல எழுத்துமுறையை உருவாக்கியோர் மாயர். கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தில் அவ்வெழுத்து கற்றூண்களிலும், சுவர்களிலும், மட்பாண்டங்களிலும் செழித்தது. மரப்பட்டையில் செய்த தாளில் எழுதி மடித்து வைக்கும் ஏடுகளும் இருந்தன. ஸ்பானியர் வந்தபின் அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 1562 ஜூலையில் யுகாத்தான் பகுதியைச் சேர்ந்த மானி என்னும் ஊரில், பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாண்டா மாயா ஏடுகளைத் தீயிலிட்டார். அச்செயல் மக்களை மிகவும் வருத்தியது என்பதையும் அவரே எழுதி வைத்துள்ளார். உலகெங்கும் இன்று எஞ்சியிருப்பவை நான்கு ஏடுகளே.

அதே லாண்டா, மாயா எழுத்து மீண்டும் வாசிக்கப்படுவதற்கான திறவுகோலையும் தம்மை அறியாமலேயே விட்டுச்சென்றார் என்பது வரலாற்றின் விந்தை. மாயா எழுத்தர் ஒருவரிடம் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றுக்கு நிகரான குறிகளை எழுதச் சொன்னார். அது அகரவரிசை என்று லாண்டா கருதினார்; எழுத்தரோ தம் செவியில் விழுந்த அசைகளுக்கு உரிய குறிகளை எழுதித் தந்தார். சொற்றொடர் ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக லாண்டாவின் நூலில் இடம்பெற்றிருப்பது ‘மா இன் காத்தி’ என்பது. ‘எனக்கு விருப்பமில்லை’ என்பது அதன் பொருள்.

லாண்டா 1566ஆம் ஆண்டளவில் எழுதிய அக்குறிப்புகள் 1864இல் அச்சேறின. அவற்றின் உண்மைப் பயன் 1952இல்தான் வெளிப்பட்டது. சோவியத் அறிஞர் யூரி குனோரசோவ், லாண்டாவின் பட்டியலில் இருப்பவை நம் உயிர்மெய் எழுத்துகளைப்போல் மெய்யும் உயிரும் சேர்ந்த அசைக்குறிகள் என்று விளக்கினார். ஏட்டில் வான்கோழியின் படத்துக்கு மேலே ‘கு’, ‘சு’ என்னும் ஒலிகளுக்குரிய இரு குறிகள் இருந்தன. கடைசி உயிரை விட்டுவிட்டு வாசித்தால் யுகாத்தேக் மொழியில் வான்கோழிக்கு வழங்கும் ‘குச்’ என்னும் சொல் கிடைத்தது. நாயின் படத்துக்கு மேலே இருந்த ‘சு’, ‘லு’ ஆகிய குறிகள், நாயைக் குறிக்கும் ‘சுல்’ என்னும் சொல்லைத் தந்தன. அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த எரிக் தாம்சன் இவ்விளக்கத்தைக் கடுமையாக மறுத்தார். எனினும் பின்வந்த ஆய்வுகள் குனோரசோவின் பக்கமே நின்றன. 1960இல் தாத்தியானா புரோஸ்கூரியாக்கோவ், கல்வெட்டுகள் அரசர்களின் பிறப்பையும் முடிசூடலையும் கூறுவன என்று காட்டினார்.

இங்கு நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. குறியின் ஒலியைக் கண்டறிவது மட்டும் போதாது. அவ்வொலிக்குப் பொருள் வேண்டும். அப்பொருளை வழங்கியவை இன்று பேசப்படும் மாயா மொழிகளும், அவற்றுக்காகத் தொகுக்கப்பட்ட அகராதிகளுமே. கல்வெட்டுகளின் மொழி, குவாத்தமாலா–ஹொண்டுராஸ் எல்லையில் உழவர்கள் பேசும் சோர்த்தி மொழிக்கு மிக நெருங்கியது என்பது அறிஞர் பலரின் முடிவு. கோப்பான் நகரின் கற்களைக் காண உலகம் திரண்டு வந்த காலத்தில், அக்கற்களின் மொழிக்கு உறவான பேச்சு அருகிலிருந்த சிற்றூர்களில் மதிப்பின்றிக் கிடந்தது. 1980களின் பிற்பகுதி முதல் லிண்டா ஷீலி, நிக்கோலாய் குரூபே போன்ற ஆய்வாளர்கள் மாயா ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பழைய எழுத்தைக் கற்பிக்கும் பயிலரங்குகளை நடத்தத் தொடங்கினர். முன்னோரின் எழுத்து அதன் உரியவர்களிடம் மீண்டது.

எழுத்தைத் தீர்மானிக்கும் உரிமை

பழைய எழுத்து ஒடுக்கப்பட்டபின், மாயர் லத்தீன் எழுத்தைத் தமதாக்கிக்கொண்டனர். கிச்சே மக்களின் படைப்புக் கதையையும் குலவரலாற்றையும் கூறும் ‘போபோல் வூ’, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிச்சே மொழியில் லத்தீன் எழுத்தால் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோ ஊரில் பணியாற்றிய பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் துறவி அதைப் படியெடுத்து மொழிபெயர்த்தார். அந்தப் படியால்தான் அந்நூல் நமக்குக் கிடைத்தது.

பின்வந்த நூற்றாண்டுகளில் மாயா மொழிகளை எவ்வாறு எழுதுவது என்பதைப் பெரும்பாலும் பிறரே தீர்மானித்தனர். துறவியரும், மதப்பரப்புநரும், அயல்நாட்டு ஆய்வாளரும் ஆளுக்கொரு முறையை வகுத்தனர். அவற்றுட் சில, மாயா ஒலிகளை ஸ்பானிய எழுத்துக்கூட்டலின் வழக்கப்படியே எழுதின. மாயக் குழந்தை எளிதில் ஸ்பானியத்துக்கு மாறவேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். தாய்மொழிக் கல்வி, அம்மொழியை விட்டு வெளியேறும் படிக்கட்டாக அமைந்தது.

1970களில் ஆன்டிகுவா நகரின் பிரான்சிஸ்கோ மரோகின் மொழியியல் திட்டம், மாயர்களையே மொழியியலாளராகப் பயிற்றுவித்தது. அப்பயிற்சி பெற்றோர் தம் மொழிக்குத் தாமே அகராதியும் இலக்கணமும் எழுதத் தொடங்கினர். 1986இல் குவாத்தமாலா மாயா மொழிகள் கழகம் உருவாயிற்று. எல்லா மாயா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த எழுத்துமுறை வகுக்கப்பட்டு, 1987இல் அரசாணையால் ஏற்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 65ஆம் சட்டம் அக்கழகத்தைத் தன்னாட்சி நிறுவனமாக ஏற்படுத்தியது. ஸ்பானிய வழக்கைத் தழுவி எழுதும் முறை கைவிடப்பட்டது. குரல்வளை அடைப்புக்குத் தனிக்குறி வந்தது. மொழிகளின் பெயர்களும் அவற்றைப் பேசுவோர் உச்சரிக்கும் வண்ணம் திருத்தி எழுதப்பட்டன.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. பழைய முறையில் கற்றவர்கள் குழம்பினர். ஊருக்கு ஊர் வேறுபடும் உச்சரிப்பில் எதைத் தரமாகக் கொள்வது, உயிரொலிகளுக்கு எத்தனை எழுத்து வேண்டும் என்பன குறித்து நீண்ட வாதங்கள் நடந்தன. ஆயினும் அவ்வாதங்களை நடத்தி முடிவெடுக்கும் பொறுப்பு முதன்முறையாக மாயரிடம் வந்தது. புதிய கலைச்சொற்களும் பிறந்தன. கணினிக்கு ‘கெமத்சீப்’ என்று பெயரிட்டனர். ‘கெம்’ என்பது நெசவு, ‘சீப்’ என்பது எழுத்து. பெண்கள் இடுப்புத்தறியில் நூலைக் கோத்து உருவம் நெய்யும் மரபிலிருந்து அச்சொல் எழுந்தது.

மொழியும் நீதியும்

இப்பணிகள் நடந்த காலம் அமைதியான காலமன்று. 1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர் நீடித்தது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, 200,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டோரில் 83 விழுக்காட்டினர் மாயர். நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் அழிக்கப்பட்டன. ஓர் ஊரின் முதியோர் கொல்லப்படும்போது அவர்களோடு வழிபாட்டுச் சொற்களும், மருந்துச்செடிகளின் பெயர்களும், கதைகளும் அழிகின்றன.

போரை முடிவுக்குக் கொண்டுவந்த பேச்சுகளின் பகுதியாக, பழங்குடி மக்களின் அடையாளமும் உரிமைகளும் பற்றிய உடன்படிக்கை 1995 மார்ச் மாதத்தில் கையெழுத்தாயிற்று. அதைச் செயற்படுத்தும் அரசமைப்புத் திருத்தங்கள் 1999இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் தோல்வியுற்றன. எனினும் 2003இல் இயற்றப்பட்ட தேசிய மொழிகள் சட்டம், மாயா மொழிகளை நாட்டின் அடையாளக்கூறுகளாக ஏற்று, கல்வியிலும் பொதுச்சேவைகளிலும் அவற்றின் பயன்பாட்டுக்கு வழிவகுத்தது. மெக்சிகோவும் அதே ஆண்டில் பழங்குடி மக்களின் மொழியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டத்தின் சொல் நடைமுறையில் எவ்வாறு பொருள்படுகிறது என்பதை 2013இல் குவாத்தமாலா நகரில் நடந்த இனப்படுகொலை வழக்கு காட்டியது. முன்னாள் ஆட்சியாளர் எஃப்ராயின் ரியோஸ் மோந்த்துக்கு எதிராக, இஷில் இனத்தவர் பலர் சாட்சியளித்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் ஊர்களில் நிகழ்ந்ததை அவர்கள் இஷில் மொழியிலேயே கூற, மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஸ்பானியத்தில் நீதிமன்றத்துக்கு வழங்கினர். மே 10ஆம் நாள் வழங்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பை அரசமைப்பு நீதிமன்றம் பத்து நாள்களில் நீக்கிவிட்டது. ஆயினும் அச்சாட்சியங்கள் பதிவாகிவிட்டன. நாட்டின் உயரிய அவைகளில் ஒன்றில் இஷில் மொழி ஒலித்தது. நீதிபதிகள் செவிசாய்த்துக் கேட்டனர்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை ஹைரோ புஸ்தமாந்தே இயக்கிய ‘இஷ்கனுல்’ என்னும் திரைப்படம் உணர்த்துகிறது. கக்சிக்கேல் மொழியில் எடுக்கப்பட்டு 2015இல் பெர்லின் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம் அது. பாம்பு தீண்டிய இளம்பெண் ஒருத்தியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்குள்ளோர் பேசும் ஸ்பானியம் அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் விளங்காது. இரு மொழியும் அறிந்த மேற்பார்வையாளன் தன் நலம் கருதிப் பொய்யாக மொழிபெயர்க்கிறான். தாம் அறியாத மொழியில் எழுதிய தாளில் அக்குடும்பம் கைநாட்டு இடுகிறது. கதை கற்பனையே எனினும், அதில் காட்டப்படும் நிலை பல மாயக் குடும்பங்கள் அறிந்த ஒன்று.

இச்சிக்கல் இன்று எல்லைகளைக் கடந்துவிட்டது. போரும் வறுமையும் விரட்ட, மாயர் பலர் அமெரிக்காவில் குடியேறியுள்ளனர். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் மாம் பேசும் சமூகமும், புளோரிடாவின் இந்தியன்டவுன் ஊரில் கன்ஹோபால் பேசும் சமூகமும் வேரூன்றியுள்ளன. அந்நாட்டுக் குடிநுழைவு நீதிமன்றங்களில் அதிகம் தேவைப்படும் மொழிகளின் வரிசையில் மாம், கிச்சே ஆகியவை இடம்பெறுகின்றன. மாம் மொழியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் அரியவர் ஆதலால், பல வேளைகளில் ஒருவர் மாமிலிருந்து ஸ்பானியத்துக்கும், மற்றொருவர் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டியுள்ளது. புகலிடம் கேட்டு வந்தவரின் வாழ்வு, இரண்டு பேர் வழியாகக் கடந்துவரும் ஒரு வாக்கியத்தைப் பொறுத்து அமைகிறது. குவாத்தமாலா நாட்டவர் எனில் ஸ்பானியம் தெரிந்திருக்கும் என்று அதிகாரி கருதிவிட்டால், அந்த வாக்கியமும் கேட்கப்படாமற்போகும்.

நாளைய நாவில்

சட்டமும், கழகமும், எழுத்துமுறையும் ஒரு மொழிக்கு அரண்கள். ஆனால் மொழி உயிர்வாழும் இடம் வீடு. இட்சா மொழியின் கதை இதைத் தெளிவாக்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளியில் இட்சா பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அப்பிள்ளைகள் பெற்றோரானபோது, தாம் பட்ட துன்பம் தம் மக்களுக்கு வேண்டாம் என்று ஸ்பானியத்திலேயே பேசினர். ஒரே தலைமுறையின் அன்பான முடிவால் தொடர்ச்சி அறுந்தது. கெக்சி மொழி இதற்கு எதிர்த்திசையில் சென்றது. கெக்சி உழவர்கள் நிலம் தேடித் தாழ்நிலங்களுக்கும் பெலீஸுக்கும் பரவியபோது தம் மொழியையும் உடன்கொண்டு சென்றனர். வீட்டிலும் சந்தையிலும் அதையே பேசினர். அது இன்று மிகுதியானோர் பேசும் மாயா மொழிகளுள் ஒன்று.

வீட்டில் பேசப்படும் மொழி பொது வாழ்விலும் மதிப்புப் பெற்றால்தான் பெற்றோரின் அச்சம் நீங்கும். அம்மதிப்பைத் தேடித் தந்தோருள் கிச்சே இனத்தவரான ரிகோபெர்த்தா மென்ச்சூ குறிப்பிடத்தக்கவர். அவர் 1992இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். கிச்சேயிலும் ஸ்பானியத்திலும் எழுதிய கவிஞர் ஹும்பெர்த்தோ அகாபால் மற்றொருவர். 2004இல் அவருக்கு நாட்டின் உயரிய இலக்கியப் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்பரிசு மிகெல் ஆங்கெல் அஸ்தூரியாஸின் பெயரால் வழங்கப்படுவது. நோபல் பரிசு பெற்ற அந்த எழுத்தாளர் தம் இளமையில், 1923இல், எழுதிய ஆய்வேட்டில் பழங்குடி மக்களை இழிவுபடுத்தியிருந்தார் என்பதால் அகாபால் அப்பரிசை ஏற்க மறுத்தார். தம் மொழியையும் மக்களையும் இழிவாகக் கருதிய சொல்லோடு சேர்ந்து வரும் பெருமை அவருக்கு வேண்டியதாக இல்லை.

மாயர் மறைந்துவிட்டனர் என்று இனி எங்கேனும் படிக்க நேர்ந்தால், கல்வெட்டுக்குப் பொருள் தந்த சோர்த்தி உழவர்களையும், நீதிமன்றத்தில் தம் மொழியில் பேசிய இஷில் சாட்சிகளையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கோபுரங்களைக் காண ஆண்டுதோறும் பெருந்திரளானோர் செல்கின்றனர். அக்கோபுரங்களைக் கட்டியவர்களின் மொழிகளுக்கு எதிர்காலம் உண்டா என்பதை, மலைநாட்டு வீடுகளிலும் ஓக்லாந்தின் அடுக்குமாடிகளிலும் இன்று பிள்ளைகளிடம் பேசும் தாய்தந்தையரும், அப்பிள்ளைகளை ஏற்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களுமே தீர்மானிக்கும்.